பாட்டில் போடுவதற்கு முன்: ஷாக்கில் வந்தவருக்கு நீர்மம் பலன் தருமா என்று அறியும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்து மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் ஒரு வாரம் இரவுப்பணி பார்த்தவர் எவருக்கும் இந்த வாசகம் மனப்பாடமாகியிருக்கும்: "டாக்டர், மொதல்ல ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க, தெம்பு வந்துரும்." கண்டனூரிலிருந்தோ கானாடுகாத்தானிலிருந்தோ காரின் பின்னிருக்கையில் படுக்கவைத்துக் கொண்டுவரப்பட்ட பெரியவரின் கை சில்லிட்டுக் கிடக்க, இரத்த அழுத்தம் 80-ஐத் தாண்டாமல் நிற்கும்போது, அப்படிக் கேட்பவரின் பதற்றத்தைக் குறை சொல்ல முடியாது. அதே பதற்றம் பணி மருத்துவரையும் செவிலியரையும் தொற்றிக்கொண்டு, கணக்கில்லாமல் பாட்டிலுக்கு மேல் பாட்டில் மாற்றப்படும்போதுதான் கேடு தொடங்குகிறது. சுற்றோட்டம் தளர்ந்து, அதாவது ஷாக்கில், வருபவர்களில், முதல் கட்டச் சிகிச்சை முடிந்த பிறகு, ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் மேற்கொண்டு ஏற்றும் நீர்மத்தால் இதயம் வெளியேற்றும் இரத்தம் கூடுகிறது. மற்றவர்களுக்கு அது நுரையீரலிலும் குடல் சுவரிலும் சிறுநீரகத்திலும் போய்த் தேங்குகிறது. நம் முன்னே கிடப்பவர் இவர்களில் எந்தப் பக்கம் என்பதை, கூடுமானவரை ஒரு மில்லிகூட ஏற்றாமல், சில நிமிடங்களில் கண்டுகொள்வது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். ஒரு மானிட்டர், இதயத்தைப் பார்க்கக்கூடிய அல்ட்ராசவுண்ட் கருவி, தலைமாட்டையும் கால்மாட்டையும் தனித்தனியாக உயர்த்த முடிகிற கட்டில் ஆகிய மூன்றும் இருக்கும் இடத்தை மனத்தில் கொண்டு எழுதுவதால், அதற்கு மேல் வசதி கேட்கும் சோதனைகளைச் சுருக்கமாகவே தொட்டுச் செல்வேன்.

எதைப் பலன் என்கிறோம்

இதயத்துக்குள் வரும் இரத்தம் கூடினால் இதயத் தசை மேலும் நீண்டு, அடுத்த துடிப்பில் மேலும் வலுவாகச் சுருங்கும் என்பது ஓட்டோ ஃபிராங்க், எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஆகிய இருவரின் பெயரால் நாம் படித்த பாடம். அந்த வளைகோட்டின் முதற்பகுதி செங்குத்தாக ஏறுகிறது. அங்கே இருப்பவருக்குச் சிறிதளவு நீர்மம் கொடுத்தாலும் ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தம் கூடும். பிற்பகுதி தட்டையாகிவிடுகிறது, அங்கே இருப்பவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் இதயத்துக்குள் அழுத்தம் ஏறுமே தவிர, வெளியேறும் இரத்தம் கூடாது. 250 முதல் 500 மில்லி வரை விரைவாக ஏற்றியதும் ஒரு துடிப்பின் இரத்த அளவோ இதய வெளியீடோ 10 முதல் 15 விழுக்காடு வரை, அல்லது அதற்கு மேல், உயர்ந்தால் அவரை நீர்மத்துக்குப் பலன் காட்டுபவர் என்கிறோம். இரத்த அழுத்தம் உயர்வது இதற்கு அளவுகோல் அன்று. நாளங்கள் தளர்ந்து கிடக்கும் செப்சிஸ் (கிருமித்தொற்று உறுப்புகளையே பாதிக்கும் நிலை) நோயாளிக்கு இதய வெளியீடு நன்றாகக் கூடியிருந்தும் அழுத்தம் அசையாமல் இருக்கலாம்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பலன் காட்டுவது வேறு, தேவைப்படுவது வேறு. இதை வாசித்துக்கொண்டிருக்கும் நலமான நீங்களும் பலன் காட்டுபவரே. உங்களுக்கு யாரும் பாட்டில் மாட்டுவதில்லை. ஆகையால் முதற்கேள்வி, உறுப்புகளுக்கு இரத்தம் போதவில்லை என்பதற்கு அடையாளம் இருக்கிறதா என்பது. விரல் நுனியை 10 வினாடி அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 3 வினாடிக்கு மேல் ஆவது, முழங்காலைச் சுற்றித் தோல் வலைபோல் கறுத்துத் திட்டுத்திட்டாக இருப்பது, சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லிக்குக் குறைவது, பேச்சில் குழப்பம், இரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது கூடும் பொருள்) லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் இருப்பது ஆகியவை அந்த அடையாளங்கள். இவற்றில் ஒன்றும் இல்லாதவருக்கு, அழுத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் சோதனையும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம்.

சோதனைக்கு நேரம் கடத்தக்கூடாத நிலைகள்

வாந்தி பேதியில் கண் குழிந்து, நாக்கு உலர்ந்து வருபவருக்குக் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பது வீண் வேலை. உடனே நீர்மம் கொடுக்க வேண்டும். விபத்தில் இரத்தம் போய் வந்தவருக்குத் தேவை இரத்தமும் இரத்தக் கசிவை நிறுத்துவதும். உப்பு நீர் அதற்கு மாற்றாகாது. குளவி கொட்டியோ ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமலோ சரிந்தவருக்கு அட்ரினலின் அரை மில்லிகிராம் தொடைத் தசையில் போன பிறகுதான் மற்றவை. மழைக்காலத்து டெங்குவில் அழுத்தம் இறங்கிய ஷாக் என்றால், கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி என்ற கணக்கில் விரைந்து தொடங்கி, ஹீமட்டோகிரிட்டையும் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) நாடி அழுத்தத்தையும் (மேல், கீழ் அழுத்தங்களின் இடைவெளி) பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்; கசிவு நிற்கும் 24 முதல் 48 மணி நேரத்துக்குப் பிறகும் அதே வேகத்தில் ஏற்றிக்கொண்டிருந்தால் கசிந்த நீரெல்லாம் நாளத்துக்குத் திரும்பி மூச்சைத் திணறடிக்கும். செப்சிஸில் முதல் 3 மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 30 மில்லியாவது கொடுக்கலாம் என்று பன்னாட்டு வழிகாட்டி சொல்கிறது. 2016-இல் வலுவான பரிந்துரையாக இருந்த அதனை 2021-இல் வலுக்குறைந்த ஆலோசனையாக இறக்கிவிட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு அது ஒன்றரை லிட்டர். முழுவதையும் ஒரே மூச்சில் இறக்காமல், முதல் 500 மில்லிக்குப் பிறகு சோதித்துப் பார்த்து மேற்கொண்டு செல்வதே என் வழக்கம். இதய நோயாளியோ டயாலிசிஸ் செய்துகொள்பவரோ என்றால் அதற்கும் முன்பே சோதிப்பேன்.

உறவினர்கள் எந்தப் பாட்டிலையும் குளுக்கோஸ் என்றே சொல்வார்கள், அதில் தவறில்லை. நாமும் உண்மையிலேயே 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸை ஷாக்குக்கு மாட்டிவிட்டால்தான் தவறு. சர்க்கரை எரிந்த பின் எஞ்சுவது வெறும் தண்ணீர். அது உடல் முழுதும் பரவி, 500 மில்லியில் 40 மில்லி அளவே நாளத்துக்குள் நிற்கும். உப்புகள் கலந்த நீர்மமான ரிங்கர் லாக்டேட்டே பெரும்பாலும் பொருத்தமானது.

சோதனைக்கு முன் செய்தே தீர வேண்டியது ஒரு ஈ.சி.ஜி. இதை நான் சொந்த அனுபவத்தில் கற்றேன். பயிற்சி முடித்த புதிதில், பெயர் வேண்டாத ஒரு மருத்துவமனையில், கல்யாண வீட்டு விருந்து முடிந்த இரவு அறுபது வயதுக்காரர் ஒருவர் வியர்த்து, வாந்தியெடுத்து, அழுத்தம் 80-உடன் வந்தார். அன்றைக்கு அதே விருந்திலிருந்து வேறு இருவரும் வாந்தியோடு வந்திருந்ததால், இவரையும் அந்தக் கணக்கில் சேர்த்து, நானே இரண்டு பாட்டில் வேகமாக ஓடவிட்டேன். இரண்டாவது பாதி இறங்கும்போது அவர் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "மூச்சு முட்டுது தம்பி" என்றார். நெஞ்சில் வைத்த ஸ்டெதாஸ்கோப்பில் அடிமுதல் நுனிவரை சலசலப்பு. பிறகு எடுத்த ஈ.சி.ஜி.யில் இதயத்தின் முன்சுவர் முழுவதும் மாரடைப்பு. அவர் பிழைத்தார், ஆனால் மூன்று நாள் வென்டிலேட்டரில் கிடந்தார். இதயம் வளைகோட்டின் தட்டையான பகுதியில் இருந்ததை அறிய எனக்குத் தேவைப்பட்டிருந்தது இரண்டு நிமிடம்.

ஈ.சி.ஜி.யோடு, அல்ட்ராசவுண்டை நெஞ்சில் வைத்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறதா, வலது கீழறை வீங்கி இடதை அழுத்துகிறதா, இடது கீழறை சுருங்குகிறதா இல்லையா, நுரையீரல் இரு பக்கமும் அசைகிறதா என்ற நான்கும் தெரிந்தால் போதும். இதய உறைக்குள் நீர் கட்டியிருப்பதற்கும், நெஞ்சறையில் காற்று அடைத்திருப்பதற்கும், நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி அடைத்திருப்பதற்கும் தீர்வு வேறிடத்தில் இருக்கிறது. அவற்றில் நீர்மம் கொஞ்ச நேரத்துக்கு முட்டுக்கொடுக்குமே தவிர, அடைப்பை நீக்காது. வலது கீழறை வீங்கியிருந்தாலோ கேடே செய்யும்.

மட்டத்தைப் பார்த்து ஓட்டத்தைச் சொல்ல முடியாது

மையச் சிரை அழுத்தத்தை, அதாவது இதயத்துக்குள் நுழையும் பெருஞ்சிரையின் அழுத்தத்தை, பார்த்து நீர்மம் கொடுப்பது என் ஆசிரியர்கள் காலத்தில் வேதமாக இருந்தது. 8-க்குக் கீழே என்றால் கொடு, 12-க்கு மேலே என்றால் நிறுத்து என்பார்கள். 2008-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, அந்த எண்ணுக்கும் நீர்மத்தின் பலனுக்கும் நாணயத்தைச் சுண்டிப்போட்டுப் பார்ப்பதைவிட அதிகத் தொடர்பில்லை என்று காட்டியது. நம் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. கண்மாய்க் கரையில் நின்று நீர்மட்டத்தைப் பார்த்தால் மடை பாய்கிறதா என்று தெரியாது. வரத்து மிகுந்தாலும் மட்டம் உயரும், மடை அடைத்துக்கொண்டாலும் உயரும். வலது இதயம் தளர்ந்தவரின் சிரை அழுத்தம் உயர்வது இரண்டாவது வகை. நாடித்துடிப்பின் வேகமும் இரத்த அழுத்தமும்கூட அப்படித்தான். காய்ச்சலும் வலியும் பயமும் நாடியை ஓட்டும். இவை நோயாளி ஆபத்தில் இருக்கிறார் என்று சொல்லும். நீர்மம் ஏற்றினால் தேறுவாரா என்று சொல்லா. நிற்கும் எண்ணைப் பார்க்காமல், சுமையைக் கொஞ்சம் மாற்றி, இதயம் அதற்கு என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்பதே வழி.

கால் உயர்த்தும் சோதனை

வட்டிக்கடை மரபில் வளர்ந்த ஊர் என்பதால் இதை நான் செவிலியர்களுக்குக் கைமாற்று என்று சொல்லிக் கொடுப்பதுண்டு. நோயாளியின் கால்களிலும் வயிற்றுச் சிரைகளிலும் தங்கியிருக்கும் அவருடைய சொந்த இரத்தத்தில் ஏறத்தாழ 300 மில்லியை இரண்டு நிமிடத்துக்கு இதயத்திடம் கடனாகக் கொடுத்துப் பார்க்கிறோம். பலன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கட்டிலைத் திருப்பியவுடன் கடன் அடைந்துவிடும். பாட்டிலில் ஏற்றியது அப்படித் திரும்பி வராது.

செய்முறையில் பலரும் தவறுவது தொடக்க நிலையில். நோயாளியைத் தட்டையாகப் படுக்கவைத்துக் காலை மட்டும் தூக்குவது அரைச் சோதனை. தலைமாட்டை 45 பாகை உயர்த்திச் சாய்ந்த நிலையில் அவரை வைத்து, சில நிமிடம் அமைதியாக விட்டு, அந்த நிலையில் முதல் அளவை எடுக்க வேண்டும். பிறகு தலைமாட்டைத் தட்டையாக இறக்கிக்கொண்டே கால்மாட்டை 45 பாகைக்கு உயர்த்த வேண்டும். அப்போதுதான் கால் இரத்தத்தோடு வயிற்றுப் பகுதியின் இரத்தமும் சேர்ந்து இதயத்துக்கு வரும். இதைக் கட்டிலின் கைப்பிடியைச் சுற்றியோ பொத்தானை அழுத்தியோ செய்யுங்கள். கணுக்காலைப் பிடித்துத் தூக்கினால் வலியிலும் திடுக்கிடலிலும் அட்ரினலின் சுரந்து, இதயம் வேறு காரணத்துக்காக வேகமெடுத்துவிடும். கட்டிலுக்குக் கால்மாடு உயராது என்றால் இருவர் சேர்ந்து மெதுவாக உயர்த்தித் தலையணைகளை அடுக்குவது இரண்டாந்தர வழி. கட்டிலை மொத்தமாகத் தலைகீழாகச் சாய்ப்பது இந்தச் சோதனை ஆகாது.

உச்ச விளைவு 60 முதல் 90 வினாடிக்குள் வந்துவிடும். சிலருக்குப் பிறகு அது மங்கிவிடுவதால், நிதானமாகப் பிறகு அளக்கலாம் என்று விட்டால் தவறிவிடும். கட்டில் நகரும் முன்பே எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) கருவி நெஞ்சில் இருக்க வேண்டும். அளக்க வேண்டியது, இடது கீழறையிலிருந்து பெருந்தமனிக்குப் போகும் வாயிலில் ஒரு துடிப்பில் இரத்தம் கடக்கும் தூரம், கருவிகளில் வி.டி.ஐ. என்று வரும். இதய முனையில் கருவியை வைத்து, நான்கு அறைகளோடு பெருந்தமனி வாயிலும் தெரியும் ஐந்தறைக் காட்சிக்குச் சாய்த்து, வால்வுக்குச் சற்றுக் கீழே, இரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் சாளரத்தை வைத்து, வரும் அலையின் விளிம்பை வரைந்தால் கருவியே செ.மீ. கணக்கில் சொல்லிவிடும். நலமானவருக்கு ஏறத்தாழ 18 முதல் 22 வரை இருக்கும். வாயிலின் விட்டம் இரண்டு நிமிடத்தில் மாறாது என்பதால் அதை அளந்து நேரம் செலவிட வேண்டாம். 3 முதல் 5 துடிப்புகளின் சராசரியை எடுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (நாடி ஒழுங்கற்றுத் துடிக்கும் கோளாறு) உள்ளவருக்கு ஏழெட்டுத் துடிப்பாவது வேண்டும். முன்னும் பின்னும் அளப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். கருவி இருந்த இடத்தைத் தோலில் பேனாவால் குறித்துக்கொள்வது அற்பமான காரியம்போல் தோன்றினாலும், எனக்குப் பலமுறை கைகொடுத்த காரியம். வி.டி.ஐ. 10 விழுக்காடோ அதற்கு மேலோ உயர்ந்தால் பலன் காட்டுபவர் என்று கொள்ளலாம். அதற்குக் கீழான ஏற்றம் நம் கைத்தவறாலேயே வரக்கூடியது.

சென்ற மழைக்காலத்தில் வந்த எழுபத்து நான்கு வயது ஆச்சி ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன். மூன்று நாளாகச் சிறுநீர் எரிச்சல், குளிர் காய்ச்சல். பழைய மாரடைப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர். எடை 45 கிலோ. உள்ளூர் மருத்துவமனையில் ஏற்கனவே 500 மில்லி போயிருந்தது. அழுத்தம் 82/48, நாடி 118, விரல் நுனியின் நிறம் திரும்ப 5 வினாடி. கிருமிக்கொல்லி மருந்தின் முதல் தவணை போய்க்கொண்டிருக்க, தலைமாட்டை உயர்த்திப் பார்த்தபோது வி.டி.ஐ. 14.0. "ஆச்சி, கட்டில் கொஞ்சம் சாயும், பயப்படாதீங்க, கால் மேல போகும்" என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றச் சொன்னேன். வாசலில் நின்ற பேரன், "அப்பத்தாவுக்கு ஒண்ணும் ஏத்தாம சும்மா காலத் தூக்கிப் பாக்குறீங்களே டாக்டர்" என்று அதிருப்தியோடு கேட்டதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஒரு நிமிடத்தில் வி.டி.ஐ. 16.5, அதாவது 18 விழுக்காடு உயர்வு. நாடி 116, கூடவில்லை. கூடியிருந்தால் அது வலியாலோ பயத்தாலோ வந்த உயர்வு என்று சந்தேகித்துச் சோதனையைத் தள்ளிவைத்திருப்பேன். கட்டிலைப் பழைய நிலைக்குத் திருப்பியதும் 14.2-க்கு இறங்கியது. இந்தத் திரும்பிப் பார்த்தல் முக்கியம். இறங்காவிட்டால் நாம் கண்ட உயர்வுக்குக் காரணம் கால் இரத்தமல்ல என்று பொருள்.

அதன் பேரில் 250 மில்லி ரிங்கர் லாக்டேட்டைப் பத்து நிமிடத்தில் ஏற்றினோம். வி.டி.ஐ. 16.1 ஆனது. மறுபடி கால் உயர்த்தியபோது 16.2-இலிருந்து 16.9 வரைதான் போனது, 4 விழுக்காடு. ஆச்சியின் இதயம் தன் வளைகோட்டில் மேலே ஏறிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை. சராசரி அழுத்தம் அப்போதும் 62-இல் நின்றதால் பாட்டிலை நிறுத்திவிட்டு, நாளங்களை இறுக்கி அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலினைத் தொடங்கினோம். உடல் எடைக் கணக்கில் 1,350 மில்லி போயிருக்க வேண்டியவருக்கு, முன்பு போனதையும் சேர்த்து 750 மில்லியோடு நின்றது. இரண்டு மணி நேரத்தில் விரல் நுனி 3 வினாடிக்குள் சிவந்தது. மறுநாள் காலை அந்தப் பேரன் வந்து, "இன்னும் ஒரு பாட்டில் போட்டிருந்தா நல்லா இருந்திருக்குமோ" என்று கேட்டார். ஊர் வழக்கம் ஓர் இரவில் மாறிவிடாது.

கால் உயர்த்தல் பயன்படாத இடங்களும் உண்டு. தலையில் அடிபட்டு மூளை அழுத்தம் உயர்ந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் செய்யவே கூடாது. இடுப்பெலும்பு, தொடையெலும்பு முறிந்தவருக்கும் கூடாது. வயிறு கல்லாக உப்பியிருப்பவருக்குக் கால் இரத்தம் மேலே வர வழி நெருக்கப்பட்டிருப்பதால், பலன் இருந்தும் இல்லை என்று காட்டும். சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்டவர்களை இந்தப் பகுதியில் அடிக்கடி பார்க்கிறோம். அவர்களிடம் கடன் வாங்குவதற்கு இரத்தமே குறைவு.

எக்கோ தெரியாதவர் என்ன செய்வது என்று கேட்பார்கள். தமனிக்குள் குழாய் இருந்தால், மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி 10 விழுக்காடோ அதற்கு மேலோ உயர்வதை ஓரளவு நம்பலாம். ஆனால் உயராததை வைத்துப் பலன் இல்லை என்று தீர்ப்பளிக்க முடியாது. கைப்பட்டை கட்டி அளக்கும் அழுத்தம் இதற்குப் போதாது. வென்டிலேட்டரில் மாறாத அளவில் மூச்சு வாங்குபவருக்கு, வெளிமூச்சுக் கரியமில வாயுவின் அளவு கால் உயர்த்தியதும் 5 விழுக்காடு கூடினால் அதுவும் ஒரு சான்று.

நூறு மில்லியில் ஒரு கேள்வி

காலைத் தூக்க முடியாதவருக்கு அடுத்த வழி, சிறு அளவு நீர்மச் சோதனை. பச்சை நிற வென்ஃபிளான் (சிரையில் செருகும் ஊசிக்குழாய்) ஒன்றின் வழியாக, 50 மில்லி சிரிஞ்சு இரண்டை அடுத்தடுத்துச் செலுத்தினால் ஒரு நிமிடத்தில் 100 மில்லி போய்விடும். முன்னும் பின்னும் வி.டி.ஐ. பாருங்கள், 10 விழுக்காடு உயர்ந்தால் மேற்கொண்டு கொடுக்கலாம். ஏற்றம் அதற்கும் குறைவு என்றால், ஏற்றியது 100 மில்லி மட்டுமே என்ற ஆறுதலோடு நிறுத்திக்கொள்ளலாம். முழு அளவுச் சோதனை என்றால் கிலோவுக்கு 4 மில்லி, அதாவது பெரும்பாலான பெரியவர்களுக்கு 200 முதல் 250 மில்லி, பத்து நிமிடத்துக்குள் போய், உடனே அளக்கப்பட வேண்டும். ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஓடும் பாட்டில் சோதனை ஆகாது; ஓடி முடிவதற்குள் முதலில் போனது நாளத்தைவிட்டுக் கசிந்துவிடும், நமக்குப் பதிலும் கிடைக்காது.

கீழ்ப் பெருஞ்சிரையை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம்

அல்ட்ராசவுண்ட் கையில் கிடைத்த இளம் மருத்துவர்கள் முதலில் பார்ப்பது, உடலின் கீழ்ப்பகுதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் இந்தச் சிரையைத்தான், ஏனெனில் காட்டுவது எளிது. நெஞ்செலும்பின் முனைக்குக் கீழே கருவியை நெடுக்காக வைத்து, வலது மேலறையிலிருந்து 2 செ.மீ. தள்ளி விட்டத்தை அளப்பார்கள். வென்டிலேட்டர் முழுமையாக மூச்சு கொடுக்கும் நோயாளிக்கு, மூச்சு உள்ளே போகும்போது சிரை 18 விழுக்காட்டுக்கு மேல் விரிந்தால் பலன் எதிர்பார்க்கலாம் என்று 2004-இல் வந்த ஆய்வு சொன்னது. தானாக மூச்சு விடுபவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மூச்சை இழுக்கும்போது சிரை பாதிக்கு மேல் சுருங்கினால் பலன் காட்டக்கூடும் என்று கொள்ளலாம். சுருங்காததால் பலன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்துமாவிலோ கீட்டோன் மிகுந்த சர்க்கரைக் கோளாறிலோ நெஞ்சை விம்மி மூச்சு வாங்குபவருக்கு, அந்த இழுப்பாலேயே சிரை ஒட்டிக்கொள்ளும். என் நடைமுறையில் இரு ஓரங்களை மட்டும் மதிக்கிறேன். காகிதம்போல் ஒட்டிக் கிடக்கும் சிரை, பேதியோ இரத்தப்போக்கோ உள்ளவரிடம், நான் ஏற்கனவே எண்ணியதை உறுதி செய்கிறது. அசையாமல் பருத்துக் கிடக்கும் சிரை, வலது இதயத்தையும் இதய உறையையும் மறுபடி பார் என்று எச்சரிக்கிறது. இடையில் உள்ளவர்களே பெரும்பான்மை; அவர்களுக்கு இந்தப் படத்தால் பயனில்லை.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு

தமனிக் குழாயும் உள்ளவருக்கு, மூச்சோடு நாடி அழுத்தம் ஏறி இறங்கும் அளவைப் பார்க்கலாம். ஒரு மூச்சுச் சுற்றில் நாடி அழுத்தத்தின் உச்சம் 46, அடிமட்டம் 38 என்றால், வேறுபாடு 8, சராசரி 42, ஆக மாறுபாடு 19 விழுக்காடு. 13-க்கு மேல் என்றால் பலன் காட்டுபவர். ஆனால் மூச்சளவு கிலோவுக்கு 8 மில்லியாவது இருக்க வேண்டும், நோயாளி தானாக மூச்சிழுக்கக் கூடாது, நாடி சீராக இருக்க வேண்டும், வலது கீழறை தளர்ந்திருக்கக் கூடாது. இப்போது நாம் 6 மில்லியில் மூச்சு கொடுப்பதால் முதல் நிபந்தனையே தவறிவிடுகிறது. ஒரு நிமிடத்துக்கு 8-க்கு உயர்த்தி, மாறுபாடு 3.5 புள்ளி கூடுகிறதா என்று பார்ப்பது அதற்கு ஒரு மாற்று. வெளிமூச்சின் முடிவில் 15 வினாடி மூச்சை நிறுத்தி, இதய வெளியீடு 5 விழுக்காடு கூடுகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. எக்கோவில் 5 விழுக்காட்டைப் பிடிப்பது கடினம் என்பதால் அதற்குத் தொடர்ச்சியாக அளக்கும் கருவி வேண்டும்.

பலன் காட்டினாலும் நிறுத்த வேண்டிய இடம்

ஒவ்வொரு 250 மில்லிக்கும் பிறகு நுரையீரலை அல்ட்ராசவுண்டில் பாருங்கள். நுரையீரலில் நீர் சேர்வதைக் காட்டும், முன்பு இல்லாத செங்குத்து வெண்கோடுகள் இரு பக்கமும் தோன்றினாலோ, மூச்சு வேகம் கூடினாலோ, ஆக்சிஜன் அளவு இறங்கத் தொடங்கினாலோ, வி.டி.ஐ. என்ன சொன்னாலும் நிறுத்திவிடுங்கள். கண்ணாடிவிரியன் கடித்தவர்களில் சிலருக்கு நுண்நாளங்கள் கசியத் தொடங்கி, முகமும் கண்ணிமையும் வீங்கும்; அவர்களின் இதயம் ஒவ்வொரு முறையும் இன்னும் கொடு என்றே சொல்லும், கொடுத்ததெல்லாம் கசிந்து போகும். நஞ்சு முறிவு மருந்தையும் நார்அட்ரினலினையும் ஒதுக்கிவிட்டு நீர்மத்தால் மட்டும் அங்கே ஈடுகட்ட முடியாது. குழந்தைகளிடம் இன்னும் கவனம் வேண்டும்: உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் காய்ச்சலோடு சுற்றோட்டம் குன்றி வந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்தி 2011-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், விரைவு நீர்மம் பெற்றவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்துக்கு மேல், பெறாதவர்களில் ஏழு. தீவிர சிகிச்சை வசதி குறைந்த இடங்களில் நடந்த ஆய்வு என்று அதை ஒதுக்குபவர்களுக்கு, நம்முடைய சிறிய மருத்துவமனைகள் எவ்வகை என்று கேட்கத் தோன்றுகிறது.

கீழ் அழுத்தம் மிகவும் தாழ்ந்திருந்தால், சோதனை முடியும்வரை நார்அட்ரினலினுக்காகக் காத்திருக்க வேண்டாம். முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ உள்ள நல்ல சிரையில் தொடங்கி, அந்த இடம் வீங்குகிறதா வெளுக்கிறதா என்று அடிக்கடி பார்த்தால் போதும். அம்மருந்து சிரைகளையும் இறுக்கி இரத்தத்தை இதயத்துக்குத் திருப்புவதால், அளவை மாற்றிய பிறகு முந்தைய சோதனையின் முடிவு செல்லாது. புதிதாகச் செய்ய வேண்டும். இடது கீழறை சரியாகச் சுருங்காமல் வி.டி.ஐ. குறைந்திருப்பவருக்கு, இதயச் சுருக்கத்தை வலுப்படுத்தும் டோபுடமின் தேவைப்படலாம்.

அனுப்பும்போது எழுத வேண்டியது

இங்கிருந்து சிவகங்கை, புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரிகளுக்கோ, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளி மதுரைக்கோ 108-இல் அனுப்பும்போது, ஓடும் வண்டியின் ஸ்ட்ரெச்சரில் இந்தச் சோதனை எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது. ஆகவே புறப்படும் முன் கடைசியாக ஒருமுறை செய்து, வழியில் எவ்வளவு போகலாம் என்பதை மில்லிக் கணக்கில் தீர்மானித்து, மிச்ச பாட்டிலை மாட்டிவிடாமல் அனுப்புங்கள். சீட்டில் "2 பாட்டில் போடப்பட்டது" என்று எழுதினால் அங்கே வாங்குபவருக்கு ஒன்றும் விளங்காது. இவ்வளவு எழுதினால் விளங்கும்:

"இரவு 9.10 வரை: ரிங்கர் லாக்டேட் மொத்தம் 750 மி.லி., உள்ளூரில் போன 500 உட்பட. முதல் கால் உயர்த்தல்: வி.டி.ஐ. 14.0 – 16.5, பலன் உண்டு. 250 மி.லி.க்குப் பிறகு இரண்டாம் முறை: 16.2 – 16.9, பலன் இல்லை. நுரையீரலில் புதிய கோடுகள் இல்லை. நார்அட்ரினலின் 9.25-க்குத் தொடக்கம், வலது முழங்கைச் சிரை. வழியில் நீர்மம் வேண்டாம். சராசரி அழுத்தம் 65-க்குக் கீழே போனால் நார்அட்ரினலினைக் கூட்டவும்."